மலைக்குள் என்ன இருக்கிறது?

1944 ஜூன் 8, இரவு. நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தெற்கிலிருந்து ஜெர்மானிய டாங்கிப் படை ரயிலேறி வடக்கே வரப்போவதாகத் தகவல் கிடைத்தது. அந்த ரயில்பாதை பிரான்சின் சோமூர் நகருக்கு அருகே ஒரு குன்றைக் குடைந்து செல்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையின் 617-வது படைப்பிரிவு, அதுவரை எந்தப் போரும் பார்த்திராத ஒரு குண்டை 19 லங்காஸ்டர் விமானங்களில் ஆளுக்கு ஒன்றாகச் சுமந்துகொண்டு அங்கே போனது. ஒரு குண்டின் நீளம் 21 அடி, எடை 12,000 பவுண்டு. டால்பாய் என்று அதற்குப் பெயர். அவற்றில் ஒன்று குன்றின் தலையில் விழுந்து, மண்ணையும் பாறையையும் துளைத்துக்கொண்டு இறங்கி, உள்ளே போய் வெடித்தது. சுரங்கப்பாதை அடைபட்டுப் போயிற்று. அதே குண்டு குன்றின் மேற்பரப்பிலேயே வெடித்திருந்தால் புல்லும் புழுதியும்தான் பறந்திருக்கும்.

81 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் 22 அதிகாலையில், அமெரிக்காவின் பி-2 விமானங்கள் ஏழு, இரானுக்குள் நுழைந்தன. கோம் நகருக்கு அருகேயுள்ள ஃபோர்தோ மலைமீது 12 குண்டுகள் விழுந்தன. நடான்ஸில் இரண்டு. ஒவ்வொன்றும் 30,000 பவுண்டு, கிட்டத்தட்ட பதிமூன்றரை டன். குறி தப்பாமல் விழவைக்கும் கருவிகள் இடையில் வந்துவிட்டன, எடை இரண்டரை மடங்காகிவிட்டது. யோசனை மட்டும் சோமூர் குன்றில் பரீட்சித்துப் பார்த்த அதே யோசனை.

இந்த 81 ஆண்டுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று துலங்குகிறது. குண்டு இறங்கும் ஆழம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் அது இறங்குகிற இடத்தில் யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது என்கிற அறிவு அதோடு சேர்ந்து கூடவில்லை. சில சமயம், குண்டு விழுந்த பிறகு இருந்த அறிவும் போயிருக்கிறது. அரசுகள் இந்த ஆயுதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை அடி துளைக்கும் என்றுதான் பேசுகின்றன. கேட்க வேண்டிய கேள்வி வேறு.

யோசனையின் சொந்தக்காரர் பார்ன்ஸ் வாலிஸ். விக்கர்ஸ் நிறுவனத்தில் ஆகாயக் கப்பலும் வெலிங்டன் குண்டுவீச்சு விமானமும் வடிவமைத்த பொறியாளர். போரின் தொடக்க ஆண்டுகளில் அவர் எழுதிய நீண்ட குறிப்பு ஒன்று 1941-இல் அதிகாரிகளிடையே சுற்றுக்கு வந்தது. அதன் வாதம் எளிமையானது. தொழிற்சாலையை எதிரி பிரித்துப் பிரித்து நாலு ஊரில் வைத்துக்கொள்வான். நிலக்கரிச் சுரங்கத்தையும் எண்ணெய்க் கிணற்றையும் அணைக்கட்டையும் அப்படிப் பிரிக்க முடியாது. அவை இருக்கிற இடத்தில்தான் இருக்கும், பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும். எனவே மண்ணுக்குள் போகிற குண்டு வேண்டும்.

வாலிஸ் கண்ட பௌதிகம் இதுதான். காற்றில் வெடிக்கும் குண்டின் அதிர்ச்சி நாலாபக்கமும் சிதறி விரைவில் தணிந்துவிடும். மண்ணுக்குள் ஆழத்தில் வெடித்தால் அந்த அதிர்ச்சி நிலத்தின் வழியே பரவி அஸ்திவாரத்தை உலுக்கும். வெடித்த இடத்தில் நிலத்தடியில் ஒரு குகை உண்டாகும். மேலே நிற்கும் கட்டடம் காலடியில் பிடிப்பில்லாமல் தானாகச் சரியும். குறிமீது நேராக விழவேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் விழுந்தாலே போதும். ‘நிலநடுக்கக் குண்டு’ என்று அதை அழைத்தது அதனால்தான். பத்து டன் குண்டும் அதைச் சுமக்கத் தனியாக ஒரு ராட்சத விமானமும் வேண்டும் என்று அவர் கேட்டார். அரசு மறுத்தது.

பிறகு அணைகளை உடைக்க நீர்மேல் துள்ளிச் செல்லும் குண்டை அவர் செய்துகொடுத்தார். 1943 மே 16 இரவு ரூர் பள்ளத்தாக்கின் அணைகள்மீது அது பயன்படுத்தப்பட்டது. போன 133 விமானப்படையினரில் 53 பேர் செத்தார்கள். வெள்ளத்தில் போன உயிர்கள் சுமார் 1,300. அவர்களில் மிகப் பலர் ஜெர்மானியர்கள் அல்லர்; சோவியத் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டிருந்த பெண்களும் போர்க்கைதிகளும். விமானிகளின் சாவு வாலிஸை மிகவும் உலுக்கியது. போருக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த பத்தாயிரம் பவுண்டு வெகுமதியை, போரில் இறந்த விமானப்படையினரின் பிள்ளைகள் படிப்பதற்காகத் தான் படித்த பள்ளிக்கே கொடுத்துவிட்டார்.

அணைகள் உடைந்ததால் அவர் பேச்சுக்கு மதிப்பு வந்தது. பழைய யோசனை தூசி தட்டி எடுக்கப்பட்டது. முதலில் டால்பாய், பிறகு பத்து டன்னுக்கு அருகில் வந்த கிராண்ட் ஸ்லாம். கடினமான எஃகை ஒரே வார்ப்பாக வார்த்து, கூரான மூக்கு வைத்து, விழும்போது தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளும்படி வால் இறகுகளைச் சற்றே சாய்த்து வைத்தார்கள். ஒன்றைச் செய்து முடிக்க ஆகும் செலவும் நாளும் அதிகம். இலக்கு தெரியாமல் மேகம் மூடினால், வழியில் எங்காவது போட்டுவிடாமல் திருப்பிக் கொண்டுவரும்படி விமானிகளுக்கு உத்தரவு. 1945 மார்ச் 14 அன்று பீலஃபெல்ட் ரயில் மேம்பாலத்தின் பக்கத்தில் முதல் கிராண்ட் ஸ்லாம் விழுந்தது. மாதக்கணக்கில் எத்தனையோ சாதாரணக் குண்டுகளுக்கு அசையாமல் நின்ற பாலம் அது. மண்ணுக்குள் குண்டு வெடித்ததும் பாலத்தின் வளைவுகள் வரிசையாகச் சரிந்தன. வாலிஸின் கணக்கு சரியாக இருந்தது.

இந்த ஆயுதம் வேலை செய்யாது என்று நான் வாதிடவில்லை. வேலை செய்தது. பிரான்சின் வீசர்ன் கிராமத்தில் சுண்ணாம்புக் கற்குவாரியின் தலையில் ஜெர்மானியர்கள் ஐந்து மீட்டர் கனத்தில், 71 மீட்டர் விட்டத்தில், ஒரு கான்கிரீட் கவிகையை முதலில் கட்டிவிட்டு, அதன் நிழலில் ஒளிந்துகொண்டு கீழே குடைந்தார்கள். லண்டனைத் தாக்க வி-2 ராக்கெட்டுகளை அங்கிருந்து ஏவுவது திட்டம். டால்பாய்களால் அந்தக் கவிகையை உடைக்க முடியவில்லை. சுற்றியிருந்த குன்று சரிந்தது, வழிகள் மூடிக்கொண்டன, 1944 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. லண்டனில் எத்தனையோ வீடுகள் அதனால் தப்பின. அதை மறுக்க எனக்கு மனம் வராது.

ஆனால் வானத்திலிருந்து அடி விழுந்ததும் பூமிக்கு அடியில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1943 ஆகஸ்ட் 17 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பால்டிக் கரையில் பீனமுண்டே ராக்கெட் தளத்தைத் தாக்கின. நாஜி அரசு உடனே ஒரு முடிவுக்கு வந்தது: ராக்கெட் செய்யும் வேலை இனி நிலத்தடியில்தான். அந்த மாதம் 28-ஆம் தேதிக்குள் புகன்வால்ட் வதைமுகாமிலிருந்து முதல் கைதிக் கூட்டம் ஹார்ஸ் மலைப்பகுதியின் கோன்ஸ்டைன் குன்றுக்குக் கொண்டுவரப்பட்டது. குண்டு விழுந்ததற்கும் கைதிகள் வந்து சேர்ந்ததற்கும் இடையில் இரண்டு வாரம்கூட இல்லை. மிட்டெல்பாவ்–டோரா என்று அழைக்கப்பட்ட முகாம் அது. முதல் மாதங்களில் கைதிகள் வேலை செய்த சுரங்கத்துக்குள்ளேயே, வெடிப்புகைக்கும் பாறைத்தூசிக்கும் நடுவில், அடுக்குப் பலகைகளில் தூங்கினார்கள். நாள்கணக்கில் வெயிலைப் பார்க்காதவர்கள் பலர். அந்த முகாம்களுக்குள் வந்த சுமார் 60,000 பேரில் ஏறக்குறைய 20,000 பேர் உயிரோடு திரும்பவில்லை. வி-2 ராக்கெட் விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்யும்போது செத்தவர்கள் அதிகம்.

பிரேமன் நகருக்கு அருகே ஃபார்கே என்ற இடத்தில் இன்னொன்று நிற்கிறது. வாலென்டின் என்று அதற்குப் பெயர். நீர்மூழ்கிக் கப்பல்களைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து உள்ளே இணைத்து, ஆற்றில் இறக்கிவிடுவதற்கான தொழிற்சாலை. 426 மீட்டர் நீளம், 97 மீட்டர் அகலம், கூரை சில இடங்களில் நாலரை மீட்டரும் சில இடங்களில் ஏழு மீட்டரும் கனம். ஆயிரக்கணக்கான கட்டாய உழைப்பாளிகளும் போர்க்கைதிகளும் வதைமுகாம் கைதிகளும் சிமென்ட் மூட்டை சுமந்து அதைக் கட்டினார்கள். பதிவாகியுள்ள சாவுகளே ஆயிரத்துக்கு மேல். 1945 மார்ச் 27 அன்று இரண்டு கிராண்ட் ஸ்லாம் குண்டுகள் கூரையின் மெல்லிய பகுதியைத் துளைத்தன. வேலை நின்றது. ஒரு நீர்மூழ்கிகூட அங்கிருந்து வெளியே போகவில்லை. கட்டடத்தை இடிப்பது அவ்வளவு கடினமாக இருந்ததால் அது அப்படியே விடப்பட்டு, இன்று நினைவிடமாக இருக்கிறது. அங்கே போகிறவர்கள் அண்ணாந்து கூரையில் உள்ள ஓட்டையைப் பார்க்கிறார்கள். அந்தக் கூரையை ஊற்றியவர்களின் சாவு அந்த ஓட்டையில் தெரிவதில்லை.

குடைபவனும் துளைப்பவனும் ஒருவரையொருவர் வளர்த்தார்கள் என்பது போர் வரலாற்று நூல்களில் அடிக்கடி வரும் செய்தி. கோட்டை மதிலின் அடியில் சுரங்கம் வெட்டிச் சாய்த்த காலத்திலிருந்தே அது நடக்கிறது. அந்த நூல்களில் குடைபவன் என்று எழுதப்படுகிறவன் உத்தரவிட்ட அரசன் அல்லது தளபதி. மண்வெட்டி பிடித்தவன் வேறு ஆள். அவனுக்கு அந்தப் போரில் எந்தப் பங்கும் இல்லை.

உள்ளே ஒளிபவர்களும் எப்போதும் தளபதிகள் அல்லர். 1940 அக்டோபரில் லண்டனின் பால்ஹம் பாதாள ரயில் நிலையத்துக்கு மேலேயிருந்த சாலையில் ஒரு ஜெர்மானியக் குண்டு விழுந்தது. கீழே நடைமேடையில் படுத்திருந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் உடைந்த குழாய்களின் தண்ணீரிலும் மண்ணிலும் மூழ்கிப்போனார்கள். வியட்நாமின் வின் மோக் கிராமத்து மக்கள் 1960-களின் நடுவிலிருந்து ஆண்டுக்கணக்கில் நிலத்தடியில் வாழ்ந்தார்கள். கிணறு, சமையலறை, பிரசவ அறை எல்லாம் மண்ணுக்குள். 17 குழந்தைகள் அங்கே பிறந்தன. நம்மவர்களுக்கும் இது கதை கேட்டு அறிந்த விஷயம் இல்லை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் முற்றத்தில் குழி வெட்டி, பனங்குற்றிகளைக் குறுக்கே அடுக்கி, மேலே மண் மூட்டை போட்டு, கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கிய குடும்பங்கள் எத்தனை! அந்தக் குழிக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும், மேலே பறக்கிறவனுக்குக் குழி தெரியும், ஆள் தெரியாது என்று.

1991 பிப்ரவரி மாதத்தை இந்த வரலாற்றில் தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டும். வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது. இராக்கின் சில கட்டளை மையங்கள் அமெரிக்கர்களிடம் இருந்த இரண்டாயிரம் பவுண்டு குண்டுகளுக்கு எட்டாத ஆழத்தில் இருந்தன. புளோரிடாவின் எக்ளின் விமானப்படைத் தளத்தில் ஆல்பர்ட் வைமார்ட்ஸ் என்ற பொறியாளர் ஒரு புதிய குண்டுக்குக் கோட்டுப்படம் வரைந்தார். நீண்ட, ஒல்லியான, மிகக் கடினமான எஃகு உறை வேண்டும். புதிதாக வார்க்க நேரமில்லை. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்விலியட் படைக்கலச் சாலையில், கழித்துப்போட்ட எட்டு அங்குலப் பீரங்கிகளின் குழல்கள் கிடந்தன. அவற்றுக்குள் வெடிமருந்தை உருக்கி ஊற்றினார்கள். பிப்ரவரி 24 அன்று நெவாடா பாலைவனத்தில் போட்டுப் பார்த்தபோது குண்டு நூறு அடிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டது. இன்னொன்றைத் தண்டவாளச் சறுக்கியில் ஏற்றிக் கான்கிரீட் பாளங்கள்மீது பாய்ச்சினார்கள். 22 அடியைத் துளைத்து மறுபுறம் வந்தது. சூடு முழுதும் ஆறாமலே இரண்டு குண்டுகள் சவூதிக்குப் பறந்தன. பிப்ரவரி 27 இரவு பாக்தாதுக்கு வடக்கே தாஜி தளத்தின்மீது அவை போடப்பட்டன. சில மணி நேரத்தில் போர் நின்றது. ஜிபியு-28 என்று பெயர் பெற்ற அந்தக் குண்டின் பிறப்பை ராணுவப் பொறியாளர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். பொறியியலாக அது பெருமைப்படத் தக்க வேலைதான்.

அதே பிப்ரவரியின் 13-ஆம் தேதி விடியற்காலையில் நடந்ததையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். பாக்தாதின் அமிரியா பகுதியில் கம்பி கட்டிய கனத்த கான்கிரீட் கூரையுடன் ஒரு பதுங்குமிடம் இருந்தது. எஃப்-117 விமானங்கள் லேசர் வழிகாட்டிய இரண்டாயிரம் பவுண்டு குண்டுகள் இரண்டை அதன்மேல் போட்டன. முதல் குண்டு கூரையைத் துளைத்தது. இரண்டாவது, முதல் குண்டு போட்ட ஓட்டை வழியாகவே உள்ளே போனது. இராக்கின் கணக்கில் 408 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குண்டுவீச்சுக்குப் பயந்து அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் இரவில் தூங்க வந்த இடம் அது. உள்ளே ராணுவக் கட்டளை மையம் இருப்பதாகத் தாங்கள் நம்பியதாக அமெரிக்கா சொன்னது. கூரைமீது பூசிய மறைப்பு வண்ணத்தையும் வந்துபோன ராணுவ வண்டிகளையும் அங்கிருந்து வந்த வானொலி அலைகளையும் அதற்குச் சான்றாகக் காட்டியது. இரான்–இராக் போரின்போது அது குடிமக்களின் பதுங்குமிடமாக இருந்தது என்பதும் அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

அந்த இரண்டு குண்டுகளிலும் எந்தக் கோளாறும் இல்லை. உறை உடையவில்லை, ஃபியூஸ் முன்கூட்டி எரியவில்லை, குறி ஓர் அடி விலகவில்லை. கூரையைப் பற்றி அமெரிக்காவுக்குத் தெரிந்தது எல்லாம் சரி. கூரைக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றித் தெரிந்தது எல்லாம் தவறு. ஒரு குண்டு எவ்வளவு துல்லியமாகிறதோ, அதை ஏவுகிறவர் தரும் தகவலின் பிழையும் அவ்வளவு துல்லியமாக நிறைவேறும். சாதாரணக் குண்டாக இருந்திருந்தால் அந்தக் கூரை தாங்கியிருக்கக்கூடும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

தாஜியிலிருந்து உலகத்து அரசுகள் கற்றுக்கொண்ட பாடம் வேறு: இன்னும் ஆழமாகப் போ. இரானுக்கு அதற்கு முன்னரே ஒரு பாடம் கிடைத்திருந்தது. 1981-இல் இஸ்ரேலிய விமானங்கள் இராக்கின் ஒசிராக் அணு உலையைத் தரைமட்டமாக்கின. ஒரே இடத்தில், தரைக்கு மேல், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வைக்கக் கூடாது என்று தெரிந்துபோனது. நடான்ஸின் யுரேனியச் செறிவூட்டல் கூடங்கள் மண்ணுக்கடியில் கட்டப்பட்டன. 2002-இல் அந்த ரகசியம் வெளியே வந்துவிட்டது. அடுத்தது ஃபோர்தோ. ஒரு மலையின் வயிற்றுக்குள், 80 முதல் 90 மீட்டர் பாறைக்குக் கீழே. 2009 செப்டம்பரில் ஒபாமா, சர்கோசி, பிரவுன் மூவரும் பிட்ஸ்பர்க்கில் ஒன்றாக நின்று அதை உலகுக்கு அறிவித்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் இரான் சர்வதேச அணுசக்தி முகமைக்கு அதுபற்றிச் சுருக்கமாகத் தெரிவித்திருந்தது. அதுவரை மறைத்து வைத்தது இரானின் குற்றம். அந்த மறைப்புதான் பின்னால் வந்த எல்லாச் சந்தேகத்துக்கும் விதை.

அமெரிக்காவில் அந்த ஆண்டிலிருந்தே ஃபோர்தோவைப் படிப்பதற்கென்று ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். பதினைந்து ஆண்டு அந்த ஒரு மலையைப் பற்றியே யோசித்த அதிகாரிகள் உண்டு என்று 2025 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க முப்படைத் தலைமைத் தளபதி சொன்னார். ஜிபியு-57 என்ற 30,000 பவுண்டு குண்டு இப்படிப்பட்ட இடங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதற்குள் இருக்கும் வெடிமருந்து 5,300 பவுண்டுக்குப் பக்கம். 1944-இன் டால்பாயில் இருந்தது 5,200 பவுண்டு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்பது ஆண்டுகளில் எடை பதினெட்டாயிரம் பவுண்டு கூடியிருக்கிறது; கூடியது ஏறக்குறைய எல்லாமே எஃகு. வெடிக்கும் சக்தி அதேதான். போய்ச் சேர்வதற்குத்தான் அத்தனை எஃகும்.

அந்த எஃகுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பதை அதன் எடையும் ஒல்லியும் வேகமும் முடிவு செய்கின்றன. எடையை விமானத்தின் சுமைதிறன் கட்டுப்படுத்துகிறது. பி-2 விமானம் இதில் இரண்டுக்கு மேல் சுமக்காது. மேலிருந்து விழுகிற பொருளின் வேகம் ஓரளவுக்கு மேல் ஏறாது. ராக்கெட் பொருத்தி வேகத்தைக் கூட்டினாலும், விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற அளவைத் தாண்டும்போது பாறையில் மோதும் எஃகே நசுங்கித் தேயத் தொடங்குகிறது. இந்தக் குண்டு 60 மீட்டர் வரை மண்ணைத் துளைக்கும் என்று அமெரிக்க விமானப்படை சொல்கிறது. கெட்டிப் பாறையிலும் உயர்தரக் கான்கிரீட்டிலும் அது வெகுவாகக் குறையும். எதிர்ப்பக்கத்தில் குடைகிறவருக்கு இப்படி எந்த எல்லையும் இல்லை. இன்னும் ஐம்பது மீட்டர் இறங்க அவருக்குத் தேவை சில மாத வேலையும் வெடிமருந்தும்தான். அமெரிக்காவே தன் கட்டளை மையங்களில் ஒன்றைக் கொலராடோவின் ஷையன் மலையில், அறுநூறு மீட்டர் கருங்கல்லுக்கு அடியில் வைத்திருக்கிறது.

இந்த எல்லையை அணுகுண்டால் தாண்டலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. 1997-இல் பி61-11 என்ற மண்துளைக்கும் அணுகுண்டு அமெரிக்கப் படையில் சேர்ந்தது. சில மீட்டர்தான் அது இறங்கும். 2000-களின் தொடக்கத்தில் இன்னும் உறுதியான ஒன்றைச் செய்யத் திட்டம் போட்டார்கள். மண்ணுக்குள் வெடித்தால் கதிரியக்கம் மண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும் என்ற பேச்சும் கூடவே கிளம்பியது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2005-இல் கொடுத்த அறிக்கை அந்தப் பேச்சை உடைத்தது. அணுவெடிப்பை அடக்கிவைக்கிற ஆழத்துக்கு எந்தக் குண்டாலும் துளைத்துப் போக முடியாது. இடத்தையும் காற்றையும் பொறுத்து ஆயிரக்கணக்கிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் வரை மக்கள் சாகலாம் என்றது. 1962-இல் நெவாடாவில் நடந்த செடான் சோதனையே இதற்குச் சாட்சி. 194 மீட்டர் ஆழத்தில் புதைத்து வெடித்த அணுகுண்டு, ஒரு கோடி டன்னுக்கு மேல் மண்ணை வானத்தில் வாரி இறைத்து, 390 மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் போட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் புதிய திட்டத்துக்குப் பணம் தர மறுத்தது. மறுத்தவர்கள் செய்தது பெரிய காரியம். அதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை.

எனவே மலையை உடைக்க முடியாதபோது மலையின் மூக்கைத் தேடுகிறார்கள். ஃபோர்தோவில் குறிவைத்தது காற்றோட்டத்துக்கான இரண்டு குழாய்வழிகளை. ஒவ்வொன்றுக்கும் ஆறு குண்டு. முதல் குண்டு மேல்மூடியைத் தகர்க்க, அடுத்தடுத்தவை அதே துளையில் இறங்கின. அமிரியாவில் இரண்டு குண்டுகள் செய்ததை இங்கே ஆறு ஆறாகச் செய்தார்கள். மலைமுகட்டில் ஆறு ஓட்டைகள் இருப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. உள்ளே என்ன ஆனது என்று அவை காட்டவில்லை. முற்றாக அழித்துவிட்டோம் என்றார் அமெரிக்க அதிபர். சில மாதப் பின்னடைவுதான் என்று அவருடைய பாதுகாப்புத் துறையின் உளவுப்பிரிவு முதல் கணிப்பில் எழுதியது. பல ஆண்டுப் பின்னடைவு என்றது மத்திய உளவு நிறுவனம். ஒரே அரசு, ஒரே மலை, மூன்று பதில்.

இப்போது பத்து ஆண்டு பின்னால் போவோம். இரானோடு செய்துகொண்ட 2015 அணு ஒப்பந்தப்படி ஃபோர்தோவில் யுரேனியம் செறிவூட்டக் கூடாது. 1,044 சுழலிகள் மட்டும், அவையும் வேறு ஆராய்ச்சிக்கு. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் அந்தச் சுரங்கத்தின் வாசல் வழியாக நடந்து உள்ளே போனார்கள். கருவிகளை எண்ணினார்கள், முத்திரை வைத்தார்கள், சுவரிலும் தரையிலும் துடைத்தெடுத்த தூசியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எண்பது மீட்டர் பாறை அவர்களுக்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை. இரான் சொன்ன கணக்கும் உள்ளே இருந்த கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று வியன்னாவில் உட்கார்ந்து மாதாமாதம் சரிபார்க்க முடிந்தது. அந்த மலையைப் பற்றி வெளியுலகம் மிக அதிகமாக அறிந்திருந்த காலம் அதுதான்.

2018 மே மாதம் அமெரிக்கா ஒப்பந்தத்தைவிட்டு வெளியேறியது. 2019 நவம்பரில் ஃபோர்தோவில் செறிவூட்டல் மறுபடி தொடங்கியது. 2022-இல் கண்காணிப்புக் கேமராக்கள் கழற்றப்பட்டன. அந்த ஆண்டு நவம்பரில் அங்கே 60 சதவீதச் செறிவு வரை போனார்கள். கேமரா போனபிறகும் ஆய்வாளர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் 2025 ஜூன் நடுவில் இரானிடம் 60 சதவீத யுரேனியம் 440.9 கிலோ இருந்தது என்று தசம புள்ளி வரை முகமையால் கணிக்க முடிந்தது. குண்டு விழுவதற்கு ஓரிரு நாள் முன்பு ஃபோர்தோ வாசலில் லாரிகள் வரிசையாக நின்றதையும், சுரங்க வாய்களில் மண் கொட்டி மூடப்பட்டதையும் வானிலிருந்து எடுத்த படங்கள் காட்டின. குண்டு விழுந்த பிறகு, ஜூலைத் தொடக்கத்தில், முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்தும் சட்டம் இரானில் நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 440.9 கிலோ என்ற கணக்குக்குப் பிறகு அந்தப் பேரேட்டில் அடுத்த வரி எழுதப்படவில்லை.

இரானின் ஆட்சியாளர்களை நம்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர்கள் மறைத்திருக்கிறார்கள், மறைப்பார்கள். நம்பிக்கை இல்லாத இடத்துக்குத்தானே ஆய்வாளர் வேண்டும்? ஆய்வாளரின் வேலை சுவாரசியமில்லாதது. நின்று நின்று எண்ண வேண்டும், முத்திரை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும், அடுத்த மாதமும் அதையே செய்ய வேண்டும். அந்த அனுமதியை வாங்கிக்கொடுத்த பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தது, இரு பக்கமும் விட்டுக்கொடுத்தது, இரு நாட்டிலும் வசைவாங்கியது. ஒரு பி-2 விமானம் தரும் வீரக்காட்சி அதில் கிடையாது. ஆனால் மலைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த எண்பது ஆண்டுகளில் நம்பத்தக்க பதில் கிடைத்தது அந்த ஒரு வழியில்தான்.

நடான்ஸுக்குத் தெற்கே கோலாங் கஸ் லா என்ற மலையில் இரான் சில ஆண்டுகளாக இன்னொரு சுரங்கத் தொகுதியைக் குடைந்துவருகிறது. 2020 ஜூலையில் நடான்ஸ் தளத்தின் தரைமேல் கட்டடம் ஒன்று நாசவேலையில் வெடித்துப் போனபிறகு தொடங்கிய வேலை அது. அங்கே ஃபோர்தோவைவிடப் பாறை ஆழம் அதிகம் என்று படங்களை ஆராய்ந்தவர்கள் கணிக்கிறார்கள். 2025 ஏப்ரலில் சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் ரஃபேல் குரோசி, அந்தச் சுரங்கம் எதற்கு என்று இரானிடம் கேட்டார். உங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று பதில் வந்ததாகச் சொன்னார். ஜூனில் குண்டுகள் விழுந்தபோது அந்த மலை இலக்காகவில்லை. அதற்குப் பிந்தைய மாதங்களில் எடுத்த படங்களில், சுரங்க வாய்களைச் சுற்றிப் புதிய மண்ணும் வண்டிகளும் தெரிந்தன.